ரோம்–ஃப்ளாரன்ஸ் நடுவில் ஓர்வியேட்டோ: இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதா, தங்குவதா?

வாணி_பாளை:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் தொடக்கத்தில் அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் என் பையன் மூவரும் இத்தாலி போகிறோம். ரோமும் ஃப்ளாரன்ஸும் முடிவாகிவிட்டன. நடுவில் ஒரு மலையூரில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று ஓர்வியேட்டோவைப் பிடித்து வைத்திருக்கிறேன். டிராவல்ஸ்காரர், "காலையில் இறங்கி சர்ச்சைப் பார்த்துவிட்டு மத்தியானம் ரயில் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை" என்கிறார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி என்றாலே பயம். பையனுக்கு ஓவியம், சிற்பம் எல்லாம் அலுப்பு. குகை, அருவி, காடு என்றால் முன்னால் நிற்பான். கார் எடுக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அம்மா சுத்த சைவம். போனவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ரயில்பிரியன்:
டிராவல்ஸ்காரர் பேச்சை ஓரமாக வையுங்கள் மேடம். ஓர்வியேட்டோவைப் போல ரயிலில் போய் இறங்க வசதியான மலையூர் அந்தப் பக்கத்தில் குறைவு. ரோமிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். ஸ்டேஷன் கீழே சமவெளியில், ஊர் மேலே பாறை உச்சியில். ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் எதிரிலேயே ஃபுனிகுலர். பழனி விஞ்ச் போலத்தான்: ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் விலகிக்கொள்ளும். 1888-ல் ஓட ஆரம்பித்தபோது இதற்கு எஞ்சின் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், அது இறங்கும் பாரத்தில் கீழே உள்ளது மேலே வரும். பிறகு பல வருஷம் மூடிக் கிடந்து, 1990-ல் மின்சாரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மேலே இறங்கும் இடம் பியாட்சா காஹென். அங்கிருந்து கதீட்ரல் வாசல் வரை குட்டிப் பஸ் உண்டு. ஊர் மேலே ஏறிவிட்டால் பெரும்பாலும் சமதளம்தான். அம்மாவுக்குக் கவலை வேண்டாம்.

வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுமுன் பிளாட்ஃபாரத்து மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் நம்மவர்கள்தான்.

பழம்பாதை:
அந்த "சர்ச்" பற்றி இரண்டு வார்த்தை. 1290 நவம்பரில் நான்காம் நிக்கோலஸ் போப் அடிக்கல் நாட்டியது. கட்டி முடிக்கத் தலைமுறைகள் ஆயின. 1310 வாக்கில் லொரென்சோ மைத்தானி என்ற சியேனாக்காரர் பொறுப்பேற்ற பிறகுதான் இன்றைய முகப்பு உருப்பெற்றது. பக்கச் சுவர்கள் கறுப்பு பசால்ட் கல்லும் வெள்ளை டிராவர்டின் கல்லும் மாறி மாறி வரி போட்டவை. வாசலுக்கு வந்ததும் எல்லோரும் அண்ணாந்து மேலே மின்னும் மொசைக்கைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் கீழே பாருங்கள். கதவுகளுக்கு நடுவே நாலு அகலமான தூண்கள், கண் மட்டத்திலிருந்தே சிற்பம் தொடங்குகிறது. இடது ஓரத்துத் தூணில் படைப்பின் கதை: ஆதாம் தூங்குகிறான், கடவுள் குனிந்து அவன் விலாவைத் திறக்கிறார். பக்கத்திலேயே ஏவாள் வெளிவருகிறாள். வலது ஓரத்தில் கடைசித் தீர்ப்பு. நரகத்துக்குத் தள்ளப்படுகிறவர்களின் முகத்தில் உள்ள கோணலைப் பார்த்தால், செதுக்கியவர் அந்த முகங்களைச் சந்தையில் பார்த்திருப்பார் என்று தோன்றும். இதைப் பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், படியும் பெரிதாக இல்லை.

உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தை விடாதீர்கள். 1447-ல் ஃப்ரா ஆஞ்செலிக்கோ விதானத்தில் தொடங்கிப் பாதியில் விட்டுப் போனார். அரை நூற்றாண்டு கழித்து, 1499-ல் லூக்கா சின்யோரெல்லி வந்து 1504 வரை முடித்துக் கொடுத்தார். உலக முடிவுதான் பொருள். உலக முடிவில் வருவான் என்று சொல்லும் போலிக் கிறிஸ்துவான எதிர்க்கிறிஸ்து பீடத்தில் நின்று பிரசங்கம் செய்கிறான், பார்க்க இயேசுவைப் போலவே இருக்கிறான், பின்னாலிருந்து சாத்தான் காதில் ஓதிக்கொடுக்கிறான். இடது மூலையில் கறுப்பு உடையில் இருவர்: சின்யோரெல்லியும் ஆஞ்செலிக்கோவும். எதிரே உயிர்த்தெழுகிற உடல்கள் தரையைக் கையால் ஊன்றி மேலே வருகின்றன, பாதி எலும்பு, பாதி சதை. பையனுக்கு ஓவியம் அலுப்பு என்றீர்களே, இதைக் காட்டிப் பாருங்கள்.

முத்துநகர்:
பழம்பாதை சார், வலது பக்கச் சிற்றாலயத்தைச் சொல்லிவிட்டு இடது பக்கத்தை விட்டுவிட்டீர்களே! 1263-ல் பக்கத்து ஊரான பொல்சேனாவில், பொஹேமியாவிலிருந்து ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குருவானவர் திருப்பலி நிறைவேற்றும்போது அப்பத்திலிருந்து இரத்தம் வழிந்ததாக நம்பிக்கை. அந்த இரத்தம் பட்ட துணிதான் இடது சிற்றாலயத்தில் இருக்கிறது. அப்போது போப் நான்காம் அர்பன் ஓர்வியேட்டோவில்தான் தங்கியிருந்தார். மறு வருஷமே, 1264-ல், அந்த அப்பத்தை இயேசுவின் உடலாகப் போற்றும் நற்கருணைப் பெருவிழாவை உலகத் திருச்சபைக்கே திருவிழாவாக்கி ஆணை பிறப்பித்தார். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வருஷா வருஷம் நற்கருணைப் பவனி போகிறதே, அந்த ஆணை புறப்பட்ட ஊர் இது. இறையியல் அறிஞர் தோமா அக்வினாசும் அந்த வருஷங்களில் இங்கேதான் இருந்தார். நம்மூரில் நற்கருணை ஆசீரின்போது பாடும் பாட்டின் லத்தீன் மூலம் அவருடையது என்பது மரபு.

வாணி அக்கா, ஜூன் தொடக்கம் என்றீர்கள். இந்த விழா ஈஸ்டரைப் பொறுத்து மே கடைசியிலோ ஜூனிலோ வரும். உங்கள் தேதியோடு பொருந்துகிறதா பாருங்கள். ஓர்வியேட்டோவில் இடைக்கால உடையில் நூற்றுக்கணக்கானோர் ஊர்வலம் போவார்கள். பொல்சேனாவில் தெரு முழுக்கப் பூவிதழால் கம்பளம் விரிப்பார்கள். பொருந்தினால் அறையை இன்றைக்கே பிடித்துவிடுங்கள்.

வாணி_பாளை:
அடேயப்பா, கேட்டது ஒன்று, கிடைப்பது பத்து. எல்லோருக்கும் நன்றி. பையன் இதையெல்லாம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "குகை எங்கே?" என்கிறான்.

ரெஜியோ_குமரன்:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப பல வருசமாக வட இத்தாலியில் வேலை. ஓர்வியேட்டோ இருக்கிற உம்பிரியா மாநிலப் பக்கம் குடும்பத்தோடு அடிக்கடி போவோம். தம்பியிடம் சொல்லுங்கோ, குகை அவன் காலுக்குக் கீழேதான் இருக்கு. அந்தப் பாறைக்குள் சுமார் 1200 குடைவுகள் இருக்கு. ரோமானியருக்கு முன்னம் இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்து ஆளாளுக்குத் தோண்டினது. கதீட்ரல் சதுக்கத்திலிருந்து வழிகாட்டியோடு கூட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே பழைய ஒலிவ் எண்ணெய்ச் செக்கு, கிணறுகள். செங்குத்தான எட்ருஸ்கக் கிணற்றின் சுவரில் கால் வைத்து ஏறி இறங்க இரண்டு பக்கமும் சின்னக் குழிகள் வெட்டியிருக்கும், பார்க்கவே வயிறு கலங்கும்.

அதில் எனக்குப் பிடிச்சது புறாக்கூடுகள். ஒரு அறையின் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு சோடி புறா இருக்கிற அளவு. அந்த அறைக்கு ஒரு யன்னல், அது நேரே மலை விளிம்பில் வெளியே திறக்கும். புறா வெளியே பறந்து போய்த் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும், குஞ்சு பொரிக்கத் திரும்பி வரும். முற்றுகை போட்டு ஊரைச் சுற்றி வளைத்தாலும் உள்ளே இறைச்சிக்குக் குறைவில்லை. இப்பவும் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் புறாக்கறி பெயர் போனது. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்!

உள்ளே ஏற்ற இறக்கமும் ஒடுக்கமான படியும் இருக்கு. அம்மாவை வெளியே சதுக்கத்தில் ஒரு கோப்பியோடு இருத்திவிடுங்கோ. எவ்வளவு வெயில் என்றாலும் உள்ளே குளிரும், தம்பிக்கு ஒரு மேல்சட்டை வேணும்.

ரயில்பிரியன்:
குமரன் சொன்னதோடு புனித பேட்ரிக் கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுனிகுலர் மேலே வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. 1527-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து ஒளிந்த ஊர் இது. இங்கேயும் முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் வெட்டச் சொன்னது. வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ தா சங்காலோ. வேலை 1537-ல் முடிந்தபோது கிளெமென்ட் உயிரோடு இல்லை.

ஆழம் 53 மீட்டர், அகலம் 13. நடுவில் வெற்றுக் குழாய். அதைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சுழல் பாதைகள், ஒன்றோடொன்று எங்கேயும் சேராது. தண்ணீர் சுமக்கும் கழுதை ஒரு வாசல் வழியாக இறங்கும், அடியில் ஒரு பாலத்தைக் கடந்து, அடுத்த பாதையில் ஏறி எதிர் வாசலில் வெளியே வரும். எதிரும் புதிருமாக இரண்டு கழுதை முட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. சுழல் பாதைக்கு வெளிச்சம் வர உள்சுவரில் 70 ஜன்னல்கள். நீங்கள் இறங்கும்போது எதிர் ஜன்னலில் ஏறுகிறவர் முகம் தெரியும், ஆனால் அவரைச் சந்திக்க முடியாது. படி 248. கழுதைக்காக வெட்டியதால் அகலமாக, தாழ்வாக இருக்கும். ஆனாலும் இறங்கியவர் ஏறித்தானே ஆகவேண்டும், லிஃப்ட் கிடையாது. அம்மா மேலே இருந்து எட்டிப் பார்க்கட்டும்.

பழம்பாதை:
அந்தப் போப் இங்கே ஒளிந்திருந்தபோதுதான் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதர்கள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு 1528-ல் இங்கே வந்தார்கள். ஹென்றியின் மனைவி கேதரின் அரசியோ சார்லஸுக்குச் சித்தி. போப் எந்தப் பக்கம் சாய்வார்? இழுத்தடித்தார். இங்கிலாந்துத் திருச்சபை பிரிந்துபோன கதையில் இந்த மலையூருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஊர் மூலையில் உட்கார்ந்திருந்தவருக்கு வந்த தொல்லையைப் பாருங்கள்.

எதிர்க்காற்று:
எல்லாம் சரி. ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அடுத்து எல்லோரும் "சிவிட்டா டி பான்யோரேஜியோ போகாமல் வராதீர்கள்" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாறை உச்சி ஊர் அது. போகாதீர்கள். சுமார் 300 மீட்டர் நீளப் பாலம், கடைசியில் நல்ல ஏற்றம், உள்ளே போகக் கட்டணம். 2013-ல் ஒன்றரை யூரோவில் ஆரம்பித்தது பிறகு 5 ஆயிற்று. உள்ளே நிரந்தரமாக வாழ்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்கூடத் தேறமாட்டார்கள். மிச்சமெல்லாம் தின்பண்டக் கடை, நினைவுப்பொருள் கடை, செல்ஃபி. ஊர் போலப் போட்ட செட். மத்தியானம் பாலத்தில் நம் ரங்கநாதன் தெருக் கூட்டம். அந்த நேரத்தில் ஓர்வியேட்டோவில் சந்து சந்தாக நடந்தால் ஆயிரம் மடங்கு மேல்.

கல்லும்மண்ணும்:
எதிர்க்காற்று, கூட்டம் பற்றிச் சொன்னது உண்மை. போகாதீர்கள் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். நான் படித்தது நிலவியல், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் நீங்கள் பார்க்கப் போகிற எல்லாமே ஒரே கதை. பொல்சேனா ஏரி இருக்குமிடத்தில் எரிமலைகள் இருந்தன. மூன்று லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கிருந்து வெடித்துப் பாய்ந்த கொதிக்கும் சாம்பல் இந்தப் பக்கம் வரை வந்து படிந்து, இறுகி, டஃப் என்ற கல்லானது. ஓர்வியேட்டோ உட்கார்ந்திருப்பதும் சிவிட்டா உட்கார்ந்திருப்பதும் ஒரே சாம்பல் படுகைதான். அதற்கு அடியில் களிமண். அங்கே கடல் இருந்த காலத்தில் படிந்தது. டஃப் மென்மையான கல், வெட்டுவது சுலபம். அதனால்தான் 1200 குடைவுகள். அதில் தண்ணீர் இறங்கும், களிமண்ணில் இறங்காது. மழை முழுக்கப் பாறையைத் துளைத்துக்கொண்டு கீழே போய் அங்கே நிற்கும். மேலே ஊரில் சொட்டுத் தண்ணீர் ஊறாததும், போப் 53 மீட்டர் தோண்டியதும் அதனால்தான்.

களிமண் நனைந்தால் வழுக்கும், ஓடையில் கரையும். கீழே பிடிமானம் போனதும் மேலே பாறை செங்குத்தாகப் பிளந்து விழும். சிவிட்டாவில் நடப்பது அதுதான். 1695-ல் வந்த நிலநடுக்கத்தோடு ஆயரும் நிர்வாகமும் எதிர்மேட்டில் உள்ள பான்யோரேஜியோவுக்கு மாறிவிட்டார்கள். இடைக்காலத் துறவி புனித பொனவெந்தூர் பிறந்து வளர்ந்த வீடு சரிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்: புல்கூட முளைக்காத வெளிறிய களிமண் முகடுகள், கத்தி விளிம்பு போல. ஓர்வியேட்டோவுக்கும் அதே வியாதி உண்டு. 1970-களில் மலை விளிம்பு சரிய ஆரம்பித்து, 1978-ல் ஓர்வியேட்டோவுக்கும் தோடி என்ற இன்னொரு மலையூருக்கும் சேர்த்துத் தனிச் சட்டமே போட்டார்கள். பாறைக்குள் இரும்புத் தண்டுகளைச் செருகி, ஊர்ச் சாக்கடையைச் செப்பனிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாக்கடை எதற்கு என்றால், மேலேயிருந்து கசிகிற ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அந்தக் களிமண்ணுக்குத்தான் போகிறது.

ஆக, மருத்துவம் பார்த்த ஊர் ஒன்று, பார்க்க வழியில்லாத ஊர் ஒன்று. இரண்டையும் பார்த்தால்தான் இரண்டும் புரியும். வாணி மேடம், அம்மா பாலம் ஏற வேண்டாம். பான்யோரேஜியோ ஓரத்தில் காட்சி மேடை இருக்கிறது, அங்கே கட்டணமில்லை. முழு சிவிட்டாவும் எதிரே தெரியும். பையன் மட்டும் போய் வரட்டும். உள்ளே வாசல் வளைவுக்கு மேல் மனிதத் தலையைப் பிடித்திருக்கும் இரண்டு சிங்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைகளில் நிற்காமல் ஊரின் மறுகோடிக்குப் போகட்டும். எட்ருஸ்கர் குடைந்த சுரங்கவழி அந்தப் பக்கம் கீழே இருக்கிறது.

எதிர்க்காற்று:
காட்சி மேடை யோசனைக்கு மட்டும் தலையாட்டுகிறேன். உள்ளே போகிற விஷயத்தில் என் கட்சி மாறாது. போவதென்றால் காலை முதல் பஸ்ஸில் போய் பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

எனக்குக் கேட்டால் அதைவிட எட்ருஸ்க இடுகாடு மேல். ஓர்வியேட்டோ மலையின் வடக்கு அடிவாரத்தில் குரோசிஃபிஸ்ஸோ டெல் டூஃபோ என்று பெயர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. கல் வீடுகள் போலக் கல்லறைகள் தெருத்தெருவாக, நேர்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாசல் மேலும் வலமிருந்து இடமாக எழுத்து, அதில் குடும்பத்தின் பெயர். உள்ளே குனிந்து போனால் உடலைக் கிடத்தக் கல் திண்ணைகள். நான் போனபோது ஆளே இல்லை, பல்லிகள் மட்டும் வெயில் காய்ந்தன. கி.மு. 264-ல் ரோமானியர் மேலே இருந்த ஊரை அழித்து, மிஞ்சியவர்களைப் பொல்சேனா பக்கம் குடியேற்றினார்கள். இரண்டாயிரம் வெண்கலச் சிலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். செத்தவர்கள் ஊர் மட்டும் தப்பியது.

ரெஜியோ_குமரன்:
நடக்க விருப்பம் என்றால் மலையைச் சுற்றியே ஒரு பாதை இருக்கு, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பாறைச் சுவர் ஒரு பக்கம் தலைக்கு மேலே நிக்கும், மற்றப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். காசு இல்லை, சனமும் இல்லை. தம்பிக்கு இதுதான் சரி.

அருவி என்றால் தெர்னிக்குப் பக்கத்தில் மார்மோரே, மூன்று தட்டும் சேர்த்து 165 மீட்டர். இயற்கை அருவி இல்லை அது. கி.மு. 271-ல் ரோமானியர் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டி மலையிலிருந்து கீழே தள்ளினது. இப்ப மின்சாரம் எடுக்கத் தண்ணியைத் திருப்பி விடுகினம், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறப்பினம். சங்கு ஊதும், முதலில் ஒரு நூல் போல வரும், பிறகு மலையே இரையும். நேர அட்டவணை பார்க்காமல் போனால் ஈரப் பாறையைத்தான் பார்க்கலாம். ரயிலில் போனால் ஓர்ட்டேயில் மாற வேணும், ஒரு முழு நாள் போகும்.

பொமார்சோ காடு கார் இருந்தால் மட்டும். 16-ஆம் நூற்றாண்டில் ஓர்சினி என்ற பிரபு காட்டுக்குள் கிடந்த பாறைகளை அங்கேயே செதுக்கி ராட்சதர் ஆக்கினவர். வாயைப் பிளந்த முகம், அதன் வாய்க்குள்ளே மேசை போட்டு ஆள் இருக்கலாம். கோட்டையைச் சுமக்கிற யானை ஒன்று தும்பிக்கையில் போர்வீரனைச் சுருட்டிப் பிடிச்சிருக்கு. வேண்டுமென்றே சாய்த்துக் கட்டின வீட்டுக்குள் போனால் தலை சுத்தும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

வாணி_பாளை:
குமரன் தம்பி, கார் எடுத்தால் என்ன ஆகும்? இந்திய லைசென்ஸ் போதுமா?

ரெஜியோ_குமரன்:
இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதியும் கட்டாயம் வேணும் அக்கா, ஊரிலேயே எடுத்து வாங்கோ. பழைய ஊர்களுக்குள் வெளி வாகனம் போகத் தடை, கமரா படம் பிடிக்கும், மாதம் கழித்து அபராதம் வீடு தேடி வரும். ஓர்வியேட்டோவில் காம்போ டெல்லா ஃபியேரா என்ற தரிப்பிடத்தில் விட்டால் அங்கிருந்து லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஊருக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் அம்மா, கதீட்ரல், சிவிட்டா என்றால் கார் இல்லாமலே சமாளிக்கலாம்.

முத்துநகர்:
சைவச் சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. அந்த ஊர்ப் பாஸ்தா உம்பிரிகெல்லி, முட்டை சேர்க்காத தடித்த நூல். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்டுத் தருவார்கள், டிரஃபிள் காளான் துருவியும் தருவார்கள். பேக்கரியில் நத்தை ஓடு மாதிரி சுருட்டிய லுமக்கெல்லா என்ற ரொட்டி கண்ணைப் பறிக்கும், ஆனால் சீஸோடு பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள். சாதா ரொட்டியில் உப்பே இருக்காது. அம்மா கையோடு ஒரு ஊறுகாய் பாட்டில் எடுத்து வருவது உத்தமம். மத்தியானம் பல கடைகள் மூடிவிடும், ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம்.

பழம்பாதை:
ஃப்ளாரன்ஸ் போகும் வழியில் நேரம் இருந்தால் ஒரு சின்ன ஆசை சொல்கிறேன். அதே ரயில் பாதையில் கியூசியில் இறங்கி பஸ் பிடித்தால் மொன்டேபுல்சானோ. 1606-ல் மதுரைக்கு வந்து காவி கட்டி, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பேர் வாங்கிய ராபர்ட் தெ நோபிலியின் குடும்பத்து ஊர். ஊருக்குக் கீழே புல்வெளியில் தனியாக நிற்கும் சான் பியாஜோ கோவிலை 1518-ல் தொடங்கியவர் மூத்த அந்தோனியோ தா சங்காலோ. ரயில்பிரியன் சொன்ன கிணற்றை வெட்டியவருக்கு இவர் தாய்மாமன். ஆனால் அந்த ஊர் ஒரே ஏற்றம், அம்மாவுக்காக யோசித்து முடிவெடுங்கள்.

வாணி_பாளை:
முடிவு எடுத்துவிட்டோம். டிராவல்ஸ்காரருக்கு நன்றி சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை வந்து ஓர்வியேட்டோவிலேயே தங்குகிறோம். அன்று கதீட்ரல் மூவரும், குகையும் கிணறும் பையன் மட்டும். சனிக்கிழமை அவன் மலையைச் சுற்றி நடந்து இடுகாடு பார்க்கட்டும், நானும் அம்மாவும் சந்து சந்தாகச் சுற்றுகிறோம். ஞாயிறு பான்யோரேஜியோ, காட்சி மேடை. திங்கள் ஃப்ளாரன்ஸ். மொன்டேபுல்சானோ இந்த முறை இல்லை சார். அருவியும் பொமார்சோவும் பையன் சம்பாதித்து வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ரயில்பிரியன்:
திட்டம் பிரமாதம். ஒரே திருத்தம்: ஓர்வியேட்டோவிலிருந்து பான்யோரேஜியோ போகும் பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. சனியையும் ஞாயிறையும் இடம் மாற்றிவிடுங்கள். சனிக்கிழமையிலும் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் ஏறும்போதே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.